இருபத்திரண்டு வயதில் ஓய்வுக் கடிதம்

பட்டர்வொர்த்திலிருந்து திரும்பும் மாலை ஃபெர்ரியில் என் முன் பெஞ்சிலிருந்த இளைஞன் சொன்னது காதில் விழுந்ததும், விரித்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“இருபத்திரண்டு வயசு ஆளுக்கு ரிட்டையர் லெட்டர் அடிச்சுக் கொடுத்துட்டேன்ணே.”

பக்கத்திலிருந்தவர் பத்து வயது மூத்தவராக இருப்பார். இருவர் கழுத்திலும் ஒரே தொழிற்சாலையின் அட்டை.

“எப்படி லா?”

“நம்ம ஃபேக்டரில அப்பாவும் மகனும் வேலை செய்றாங்க. அப்பா சுப்பையா, அவரோட அப்பா ராமசாமி. தாத்தா பேரையே மகனுக்கு வச்சிருக்காங்க, அவனும் ராமசாமிதான். டேட்டாபேஸ்ல ஆளத் தேடுற குவெரி, ஆளு பேர முதல்ல கேக்குது, அப்பா பேர ரெண்டாவதா. நான் எழுதின வெப் ஸ்கிரிப்ட் ரெண்டு பேரையும் இடம் மாத்தி அனுப்பிருச்சு. குவெரி வரிசைய மட்டும்தான் பாக்கும்.”

“வேற ஆளா இருந்தா?”

“அப்படி ஆளே இல்லன்னு காட்டியிருக்கும், அப்பவே புடிச்சிருப்பேன். அன்னிக்கு அடிச்சது இவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான், அதுல அப்பாவுக்கு மகன், மகனுக்கு அப்பான்னு வந்துச்சு.”

“அடையாள கார்டு ஐசி நம்பர் வச்சுத் தேடலாம்ல?”

“இனிமே அதான். ரெண்டு வரிய இடம் மாத்தினேன், சரியாயிருச்சு. மேனேஜர் வேலைய விட்டுத் தூக்கிருவாருன்னு பயந்தேன். சிரிச்சிட்டுப் போயிட்டாருண்ணே. இப்பத்தான் மூச்சே வருது.”

மூத்தவரும் சிரித்தார். “மகன் கத்தலியா?”

“அப்பாவுக்குப் போக வேண்டிய ரிட்டையர் லெட்டர தூக்கிட்டு ஓடி வந்தான். அப்பாதான் வரவே இல்ல. மகனுக்கு வேலை நிரந்தரம்னு அடிச்ச லெட்டர் அவருக்குப் போயிருச்சு. நானே தேடிப் போனேன். சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்தாரு. ‘இத மட்டும் திருத்தாம விட்டுரேன், தம்பி’ங்கிறாரு.”