ரமலான் பகல் காட்சி

நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், என் மனைவி ஸுஹைர் அன்று காலை அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி ரொட்டியும் வெள்ளரிக்காயும் தின்றாள். நோன்பாளியின் எதிரில் மெல்லுவது மரியாதையில்லை என்பாள். அவ்வளவு நாகரிகமானவள். அவளை நான் நேசித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு உங்களுக்குச் சந்தேகம் வரலாம்.

நான் கெய்ரோவில் பட விநியோகஸ்தன். அவள் எடுத்தது ஒரே ஒரு படம், தான் பிறந்த ஊரைப் பற்றி. அங்குள்ள சிமெண்ட் ஆலையின் தூசியைச் சுவாசித்தே வாழ்ந்து செத்தவர்களின் கதை. அந்தத் தூசி அவள் நெஞ்சிலும் இருந்தது. நோன்புப் பெருநாளைப் பற்றிய பேச்சு வந்தால் டாக்டர் ஜன்னலைப் பார்ப்பார். அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: ஊர்க்காரர்கள் தங்கள் முகங்களைத் திரையில் பார்க்க வேண்டும், அப்போது அவளும் அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆலை நிறுவனத்தின் பெயரை எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. பெரிய தியேட்டர்களில் பாதி அவர்களுடையவை. அவர்களுடைய ஆள் ஷவ்கி, அமைச்சகத்து மனிதர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அமைச்சகத்தவர் தேநீர் குடித்தார், பேசவில்லை. அதுதான் அவர் வேலை.

"தணிக்கைல பாஸ் ஆயிடுச்சாமே உஸ்தாத்," என்றார் ஷவ்கி. "தடை பண்ணலாம். பண்ணுனா நாளைக்கே எல்லார் போன்லயும் ஓடும். எங்க முதலாளியோட டிரைவரே பாப்பான்."

"தடையெல்லாம் எதுக்கு பாஷா? ரமலான்ல பகல் காட்சியாப் போட்டுடறேன்."

ஷவ்கி சிரித்த சிரிப்பில் அமைச்சகத்தவரின் கோப்பை குலுங்கியது. "அடப்பாவி! வயித்துல ஒண்ணுமில்லாம எவன் தியேட்டருக்கு வருவான்? நீயெல்லாம் மந்திரியா இருக்க வேண்டிய ஆளுய்யா."

ரமலான் பகலில் எங்கள் ஊர் தூங்கும். மாலை நெருங்கினால் நோன்பு திறக்க வீட்டுக்குப் பறக்கும். யாரும் யாரையும் தடுக்கவில்லை. காட்சி நேரம்தான் கொஞ்சம் இடித்தது. நிறுவனத்தின் தியேட்டர்களுக்கான பெருநாள் நகைச்சுவைப் படத்தின் விநியோகம் என் கைக்கு வந்தது. அதைக் கூலி என்று சொல்லத் தேவையில்லை. உபசரிப்பு.

ஸுஹைர் மட்டும் கேட்டாள். "ஏன் மம்தூஹ், உனக்குத் தொழில் மறந்துபோச்சா? நோன்பு வயித்தோட யாரு வருவா?"

"உன் ஊர்க்காரங்க வருவாங்க," என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொன்னது.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. ரமலானில் ஆலை சீக்கிரமே வேலையை முடித்துவிடும். படம் ஆரம்பித்துச் சற்று நேரத்தில் தியேட்டர் வாசலில் அவள் ஊர்க்காரர்களின் வேன்கள் வந்து நின்றன. உள்ளே ஸுஹைர் தனியாக உட்கார்ந்து கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஆலை இரைந்ததால் வாசலில் நடப்பது அவளுக்குக் கேட்காது.

வாசல்காரர் பஸ்யூனியிடம் ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டச் சொன்னேன்.

"உள்ள அம்மா ஒருத்தங்கதானே பாஷா இருக்காங்க?"

"மாட்டுங்க ஹாஜி. அவங்க உடம்புக்குக் கூட்டம் ஆகாது."

முதலில் இறங்கியவள் ஸுஹைரின் பள்ளித் தோழி நக்லா. பலகையைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள். "அடியே ஸுஹைர், எங்க மூஞ்சிய வச்சுப் படம் எடுத்துட்டு எங்களுக்கே எடமில்லையா?" பிறகு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் என் கன்னங்களில் முத்தமிட்டார்கள். "கெய்ரோக்காரன் நோன்போட வந்து நம்ம கதையப் பாக்குறான்டா," என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். ஸுஹைருக்கென்று கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நோன்பு திறப்பதற்குள் ஊர் சேர வேண்டுமென்று கிளம்பினார்கள். இத்தனை சந்தோஷமாகத் திரும்பிப்போன கூட்டத்தை என் தொழிலில் நான் கண்டதில்லை. படம் பார்த்திருந்தால் அழுதிருப்பார்கள்.

அன்று அந்தப் பழத்தில்தான் நோன்பு திறந்தேன். நல்ல ரகம்.

ஸுஹைர் வெளியே வரும்போது பலகையைக் கழற்றியிருந்தோம்.

"ஒருத்தர்கூட வரலையா?"

"நோன்பு," என்றேன்.

"நக்லாவுமா?"

"ம்."

"அவங்களுக்குப் பிடிக்கல போல. அவங்க கஷ்டத்தக் காட்டி அசிங்கப்படுத்திட்டேன்." படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிடும்படி அவளே சொன்னாள். நான் மறுக்கவில்லை; கலைஞரின் விருப்பத்தை மதிக்க வேண்டும். பேசினால் மூச்சு வாங்கியது என்பதால் அவளுடைய போனை நான் வைத்துக்கொண்டேன். நக்லா அழைக்கும்போதெல்லாம் தூங்குகிறாள் என்றேன். பெரும்பாலும் தூங்கத்தான் செய்தாள். பெருநாள் பிறை தெரியும் முன்பே போய்விட்டாள்.

படம் ஓடியிருந்தால் விசாரணை, நீதிமன்றம் என்று அவளை அலைக்கழித்திருப்பார்கள். மாறாக, தன் கட்டிலில், என் கையைப் பிடித்தபடி இறந்தாள். அந்த அமைதியை நான்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

துக்கம் விசாரிக்க வந்த நக்லா என் தோளில் சாய்ந்து அழுதாள். "எங்களுக்கு எடம் கிடைக்காட்டி என்ன, அவ்வளவு கூட்டத்தையும் பாத்துட்டுத்தானே போனா?"

"கண் நெறையப் பாத்தா," என்றேன். ஆறுதல் சொல்வது எனக்குக் கைவந்த கலை.

படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஊரிலிருந்து இப்போதும் யாராவது, திரும்பப் போடக் கூடாதா என்று கேட்டு அழைக்கிறார்கள். கூட்டம் வராது என்று சொல்லிவிடுகிறேன். அனுபவத்தில் சொல்வதுதான்.