காயக் கூடாத குழி

டப்பென்று வெடித்தது. அச்சிலிருந்து தெறித்த செம்புக் குழம்பு என் உதவியாள் டில்லிபாபுவின் பூட்ஸில் விழுந்தது. எனக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். தீபாவளிக்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருப்பேன்.

ஒரகடத்தில் அந்தப் புதுக் கம்பெனிக்கு எர்த் போடும் வேலை, அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வேலை, என் பொறுப்பில் நடந்தது. மிஷின்களிலிருந்து வரும் செம்புப் பட்டையைக் குழியில் இறக்கிய கம்பியோடு உருக்கி ஒட்ட வேண்டும். அச்சில் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால் செம்பு உருகி இறங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஈரம் மட்டும் ஆகாது. அதுவோ ஐப்பசி, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. ஒட்டிய இடமெல்லாம் ஓட்டை. தட்டினால் கையோடு வந்தது.

"பொடி நமுத்துப் போச்சுண்ணே. புதுசு வர்ற வரைக்கும் நிறுத்திக்கலாம்" என்றான் டில்லிபாபு.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்வது? உருக்கி ஒட்டாமல் பட்டையைக் கம்பியில் சுற்றிக் கட்டி மண்ணை மூடச் சொன்னேன். மண் நனைந்திருந்ததால் மீட்டர் நல்ல அளவே காட்டியது.

பிறகு என்னை அங்கேயே மெயின்டெனன்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். என் மகள் சுவாதிக்கு மிஷின் லைனில் வேலை கொடுத்தார்கள். வேண்டாமென்று எதைச் சொல்லி மறுப்பது?

மாசியில் மண் காய்ந்தது. "மிஷின்ல கை வச்சா சுர்ருங்குதுப்பா" என்றாள் சுவாதி. மறுநாளிலிருந்து தினமும் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். சுர்ரென்பது நின்றது. அவளோடு வேலை செய்யும் வடக்குப்பட்டு சத்யப்பிரியா என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"இன்னா சார், உள்ள தென்னங்கன்னு வச்சிக்கீறீங்களா? காய்ச்சா எனக்கு ஒரு எளநி."

சில நாள் குடத்தை வாங்கி அவளே ஊற்றுவாள். நல்ல பெண்.

சித்திரையில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். கட்டிலில் கிடந்தபடி ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றுங்கள் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் தோண்டுவார்கள். தோண்டினால் என் வேலை போகும், மகள் வேலையும் போகும். கையில் ஊசியோடு கிடக்கிறவன் வேறென்ன செய்ய முடியும்?

மிஷினுக்குள் ஒரு ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டிருக்கிறது. குழி காய்ந்து கிடந்ததால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கவில்லை, பிரேக்கரும் விழவில்லை. அன்று சுவாதி லீவு. அவள் மிஷினில் ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தவள் சத்யப்பிரியா. தேய்ந்தது ஒயர், காயவைத்தது வெயில். நான் ஊரிலேயே இல்லை. இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சத்யப்பிரியாவின் அம்மா மீனம்மாள் வீட்டுக்குத் துக்கம் கேட்க நான் போகவில்லை. தையல் பிரிக்காத உடம்பு. சுவாதி மட்டும் போய் அழுதுவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை இருக்கத்தான் மகள் லீவு போட்டாள் என்று கம்பெனியில் எல்லாரும் நினைக்கிறார்கள். அங்கே என்னோடு இருந்தது என் மனைவி. அப்படியானால் சுவாதி எதற்கு லீவு போட்டாள் என்று இத்தனை நாளில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். பெற்ற மனசு, சார். அட்மிட் ஆகிற அன்று காலையில் அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன்:

"நான் வந்து குழிக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நீ லைனுக்குப் போவாதம்மா, வூட்லயே இரு."