மாடியில இடது பக்கக் கதவு

உடைக்க வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்க. பதினோரு வருஷமா சாவி படாத பூட்டு, உள்ள துரு ஏறிக் கிடக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கேன், ஊறட்டும். அந்தப் படியில உக்காருங்க. கோர்ட்டு ஆர்டரையெல்லாம் என்கிட்ட காட்ட வேண்டியதில்ல. வாத்தியார் பொண்ணுன்னு முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு.

நான் இதே தெருதான், முனையில சாவிக்கடை. அப்பவும் இங்கதான் இருந்தேன். நீங்க அப்ப வெளியூர்ல படிச்சிட்டிருந்தீங்க, இல்லியா? உங்கப்பா ஜெயில்லயே போய்ச் சேந்துட்டாருன்னு போன வருஷந்தான் காதுல விழுந்துச்சு.

ஓட்டா? ஆமா, அப்ப ஜெயிச்சு வந்தாங்களே, நானும் அவங்களுக்குத்தான் போட்டேன். குழாயில தண்ணி வரும்னாங்க. வந்துச்சும்மா, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் வாத்தியார் சங்கத்து மனுவுல கையெழுத்துப் போட்டவங்களையெல்லாம் அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. இதுக்கா ஓட்டுப் போட்டோம்னு சலூன்ல ஒருத்தர் வாய்விட்டே கேட்டாரு. சலூன்காரர் ரேடியோ சத்தத்தைக் கூட்டிட்டாரு. நான் பேப்பரை விரிச்சு முகத்தை மூடிக்கிட்டேன்.

அரசாங்கம் பண்றதுக்கு நீ என்ன செய்வ, உன்னைக் கேட்டுக்கிட்டா பண்றாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவா. நியாயந்தான், யாரும் என்னைக் கேக்கல. ஆனா அரசாங்கத்துக்குன்னு தனியா கை காலு இருக்காம்மா? ஜீப் ஓட்டினவன் பக்கத்துத் தெரு. லிஸ்ட்டை டைப் அடிச்ச பொண்ணு என் மச்சினிச்சியோட சிநேகிதி. கதவு திறக்கக் கூட்டிட்டுப் போனது என்னை.

ஆமா. மொத்தம் பதினாலு வீடு. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகியிருக்கும்னு தெரியல, சொல்லிப் பாக்கலியே. நான் போகலேன்னா வேற ஒருத்தன் போயிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். பாதி நாள் நம்புறேன்.

அப்படியே இருங்க, திரும்புது. ஆங், திறந்துடுச்சு. உள்ள போங்கம்மா. ஏன் நிக்கிறீங்க?

இந்தக் கதவையுமான்னா கேக்குறீங்க? இல்லம்மா. அன்னைக்கு இந்தக் கதவுல நான் கையே வைக்கல. இந்தப் பூட்டு அப்புறமா அவங்க போட்டது. உங்கப்பா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தாரு. உடைச்சா சத்தம் கேட்டுப் பின்படி வழியா நழுவிடுவாருன்னு கூட வந்த போலீஸ் அதிகாரிக்கு யோசனை. உன்னை அவருக்கு நல்லாத் தெரியுமாமே, நீ கூப்பிடுன்னாரு. அவங்க எல்லாரும் சுவரோரமா ஒதுங்கி நின்னுக்கிட்டாங்க.

சார், நான்தான், சாவிக்கடைக்காரன்னு குரல் குடுத்தேன். அவ்வளவுதாம்மா நான் சொன்னது. என்னப்பா, விடிஞ்சதும் விடியாததுமா வந்து நிக்கிற, வீட்டுல எல்லாரும் சவுக்கியந்தானேன்னு கேட்டுக்கிட்டே அவரே வந்து திறந்தாரு.