தானா விரியும்

நீங்க வாசல்ல நின்னு போன்ல சொன்னது காதுல விழுந்துடுச்சு சேட்டா. செத்ததை நம்ம தலையில கட்டப் பாக்கறாங்கன்னு சொன்னீங்கள்ல, உங்க வீட்டுக்காரங்ககிட்ட. அய்யோ, கோவமெல்லாம் இல்ல. இப்பப் பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. விளம்பரம் பாத்துக் கேட்டீங்கன்னு நேத்து நான் அனுப்பின படத்துல இந்த அனிமோன் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிஞ்சு இருந்துச்சு. இன்னிக்குப் பாத்தா அழுகின தக்காளி மாதிரி தொட்டி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆனா சாகல. நம்புங்க. உக்காருங்க, இந்த ஸ்டூல்ல. அந்த நாற்காலி வேணாம், அது அம்மாவோடது.

அனிமோன் அப்படித்தான் சேட்டா. பாக்கத்தான் பூ, ஆனா செடி கிடையாது, கடல் பிராணி. அதுக்கு இருக்கறது ஒரே வாய். திங்கறதும் அதுல, கழிக்கறதும் அதுல. உள்ள இருக்கற பழைய தண்ணியை வெளிய தள்ளிட்டுப் புதுசா எடுத்துக்கணும்னா சுருங்கித்தான் ஆகணும். அந்த நேரம் பழுப்பா நூல் நூலா ஏதோ கக்கும். குடலே வெளிய வந்த மாதிரி இருக்கும். உங்க வீட்டுக்காரங்க பயந்துடப்போறாங்க, முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

எங்க வீட்லயும் அப்படித்தான் ஆச்சு. டிஜோ, என் தம்பி, தொட்டி அவனோடதுதான், இதைக் கொண்டுவந்து நாலு நாள்தான் இருக்கும். முனம்பத்துல போட் எஞ்சின் ரிப்பேர் பண்ற கடைல அவனுக்கு வேலை. காலைல போயிட்டான். அம்மா வந்து பாத்துட்டு, ஐயோ பாவமே, போயிடுச்சேன்னு, கரண்டியால எடுத்து வாழையிலைல சுத்தி, தென்னை மரத்தடில குழி வெட்ட ஆரம்பிச்சிடுச்சு. அவன் எதையோ மறந்து வெச்சிட்டுத் திரும்ப வந்தவன், பாத்ததும் பிடுங்கிட்டு ஓடினான். ஏம்மா, உசுரோடவா பொதைப்ப, நாளைக்கு நான் கொஞ்சம் அசந்து தூங்கினா எனக்கும் குழி வெட்டுவியான்னு ஒரே சத்தம். அம்மா மண்வெட்டியோட நின்னு, நீ எந்திரிக்கிற நேரத்துக்கு வெட்டினாலும் தப்பில்லடான்னுச்சு. ரெண்டு நாள்ல முழுசா விரிஞ்சு ஜம்முன்னு நின்னுச்சு, தெரியுமா.

என்ன கேட்டீங்க? அப்ப நெசமாவே செத்தா எப்படித் தெரியும்னா? மோந்து பாக்கணும். நாத்தம் தாங்காது. வாய் பொளந்தபடியே இருக்கும், சதை கரைஞ்சு கரைஞ்சு பிரியும். அப்ப யோசிக்காம எடுத்துடுங்க, இல்லன்னா இதுகூடவே இருக்கற அந்த ரெண்டு ஆரஞ்சு மீனும் போயிடும். நாத்தம் இல்லன்னா கிட்டயே போகாதீங்க. குச்சியால குத்தறது, எறால் துண்டை வாய்ல திணிக்கறது, எதுவும் வேணாம். டிஜோவுக்கு ஒரே பாடம்தான். தொடாத, தானா விரியும். போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லுவான்.

ஆமா, இடம் விட்டு இடம் நகரும். ஒரு நாள் காலைல பாத்தா இருந்த இடத்துல இருக்காது. எங்கேயோ கண்ணாடி மேல ஏறி நிக்கும். அதுக்கு வெளிச்சம் பத்தலையோ, தண்ணி ஓட்டம் பிடிக்கலையோ, யாருக்குத் தெரியும். பிடிச்ச இடம் கிடைச்சா நின்னுடும். ஒண்ணே ஒண்ணு, பம்பு வாய்ல போட்டிருக்கற ஸ்பாஞ்சை மட்டும் கழட்டிடாதீங்க. உள்ள இழுத்துடுச்சுன்னா அரைச்சுடும்.

எனக்கு இவ்வளவு பேச வராது சேட்டா. காலேஜ் படிச்சப்ப பேர் கூப்பிட்டா உள்ளேன்னு சொல்லாம கையை மட்டும் தூக்குவேன். இதைப் பத்தின்னா மட்டும் வருது.

அவனா? அவன் போன கர்க்கடக மாச மழைல போயிட்டான். எலிக்காய்ச்சல். மழைத்தண்ணில நடந்துதான் கடைக்குப் போகணும், கால்ல எப்பவும் ஏதாவது ஒரு காயம். இருபத்தாறு முடியல. இல்ல இல்ல, கேட்டதுல என்ன இருக்கு. விளம்பரத்துல போட்டிருக்கணும், எனக்குத்தான் எழுத வரல.

எனக்குக் குடுக்க மனசில்லதான். அம்மாவுக்காகத்தான் குடுக்கறேன். இது பத்து நாளைக்கு ஒரு தடவையாவது சுருங்கும்ல, அப்ப அம்மா அந்த நாற்காலியைப் போட்டு முன்னாடி உக்காந்துடும். சோறு வேணாம், கஞ்சி வேணாம், யாரோடயும் பேச்சில்ல. விரியற வரைக்கும் எந்திரிக்காது. போன வாரம் ரெண்டு நாளா விரியல. ரெண்டு நாளும் அம்மா படுக்கல. கால் வீங்கிப்போச்சு. இது இதோட பழக்கம்மா, தானா விரியும்னு நான் சொன்னா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வார்த்தையை என் வாயால கேக்க அம்மாவால முடியல.

தெரியும், தெரியும். அம்மாவுக்குத் தெரிஞ்சுதான் நீங்க வந்திருக்கீங்க. அதான் சர்ச்சுக்குப் போயிடுச்சு. இன்னிக்குன்னு பாத்து இது சுருங்கும்னு எனக்கென்ன தெரியும். நல்லவேளை பாக்காமப் போச்சு. வர்றதுக்குள்ள எடுத்துடலாம், வாங்க.

கல்லோடவே தூக்குங்க. பிடிச்சிருக்கற அடியைப் பிய்க்கவே கூடாது, அது கிழிஞ்சா பிழைக்காது. மெதுவா... அப்படித்தான். இந்த வாளில தொட்டித் தண்ணியே எடுத்து வெச்சிருக்கேன். மீனை நான் பிடிச்சுத் தர்றேன், அதுங்களுக்கு என் கை பழக்கம். வழில ஏசிக்கு நேரா வெச்சுடாதீங்க. அங்க போய் மூணு நாள், நாலு நாள் இப்படியேதான் இருக்கும். கவலையா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க, எந்த நேரமா இருந்தாலும். நான் எடுத்துடுவேன்.

பிசுபிசுன்னு ஒட்டுதா? ஒட்டும். லேசா அரிக்கும், ஒண்ணும் பண்ணாது. கழுவிக்கங்க. நேராப் போய் இடது பக்கம் பாத்ரூம். கதவைச் சும்மா சாத்திக்கங்க, தாழ்ப்பாள் தேடாதீங்க, இல்ல. நான் வாசப்பக்கம் போய் நிக்கறேன், யாரும் வரமாட்டாங்க. இல்ல சேட்டா, உடைஞ்செல்லாம் போகல. இந்த வீட்ல எந்த ரூமுக்கும் கிடையாது.

அது... டிஜோவுக்கு மனசு சரியில்லன்னா ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்குவான். சின்ன வயசுலேர்ந்தே. ஒரு நாள், சில சமயம் ரெண்டு நாள். கூப்பிட்டா ம்ம்னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளிய வந்து, கப்பக்கிழங்கு இருக்கான்னு கேப்பான். அவனுக்கு அனிமோன்னே பேர் வெச்சிருந்தோம். கடைசியா அவன் அப்படிப் பூட்டிக்கிட்டப்ப, கடைல முதலாளிகூட வாக்குவாதம்னு கேள்விப்பட்டிருந்தேன், அதான் உள்ள கிடக்கான்னு நெனச்சேன். அம்மா ரெண்டு தடவை கதவைத் தட்டப் போச்சு. ரெண்டு தடவையும் நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். தொடாதம்மா, தானா விரியும்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன் சேட்டா.

மூணாம் நாள் அந்த ம்ம்மும் வரல. பக்கத்து வீட்டு ஜோப்பன் சேட்டன்தான் கதவை ஒடைச்சாரு. அவன் கண்ணு ரெண்டும் மஞ்சளா இருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டர், காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சுதுன்னு கேட்டாரு. எங்க ரெண்டு பேருக்குமே தெரியல.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. ஏழாம் நாள் பூசைக்கு வந்தவங்க எல்லாரும் போனதும், அவன் ரிப்பேர் சாமான் பையிலேர்ந்து திருப்புளியை எடுத்துட்டு வந்துச்சு. நேரா என் ரூம் கதவுகிட்ட வந்து, கீழ உக்காந்து, தாழ்ப்பாளைக் கழட்ட ஆரம்பிச்சுச்சு.