நான்காம் பாகத்தின் நிறைகுறைகள்

‘சூன்யக்கோள்’ நான்காம் பாகம் இடைவேளை வரை நன்றாகத்தான் இருக்கிறது, மேடம். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு தடவை பார்க்கலாம்.

விண்கலத்தின் உட்புறத்தை நிஜமாகவே கட்டியிருக்கிறார்கள். சுவரில் துருகூடத் தெரியும். ஒலியமைப்பு அருமை. குறை என்றால் வில்லன்தான். மூன்றாம் பாகத்தில் செத்தவனைக் காரணமே சொல்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கடைசி அரைமணி நேரம் அடுத்த பாகத்துக்கான விளம்பரம். நிறை, குறை இரண்டையும் சொல்வதுதான் விமர்சனம். நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் யூடியூப் சேனலுக்கு எழுதுவது நான், கேமரா முன்னால் பேசுவது ஜெயக்குமார். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டு மாடியில், பட்டு நூல் அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில்தான் ரெகார்டிங். கீழே அவன் அம்மா கலாவதியின் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் ஏறாமலிருக்க ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் ஃபோம் ஒட்டியது நான்தான்.

இந்தப் படத்துக்குப் போட்ட முதல் வீடியோவில் அவன் குறைகளை மட்டும் பேசினான். காற்று கசிந்துபோகும் அறைக்குள் நண்பனை விட்டுக் கேப்டன் கதவைப் பூட்டும் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்லிச் சிரித்தான்.

“இந்த சீனுக்கு எங்க தேவேந்திரன் தியேட்டர்ல தேம்பித் தேம்பி அழுதான்பா.”

நான் அழுதது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு டீக்கடையில் என்னைக் கண்டாலே விசும்பிக் காட்டினார்கள்.

நான் கோபப்படவில்லை. நிறைகளையும் பேசி இன்னொரு வீடியோ போடலாம் என்றேன்.

“அத எவன்டா பார்ப்பான்? நீ அழுததாலதான் ஓடிக்கினு இருக்குது. இன்னிக்கு நீ அழுத மாதிரியே நடிச்சுக் காட்டப்போறேன்.”

வழக்கம்போல இரண்டு செல்போன்களையும் வெளியே வைத்தோம். அவன் உள்ளே போனான். அவனுக்கு ஆஸ்துமா. மறதிக்காரன் என்பதால் இன்ஹேலர் எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும். நான் உள்ளே போகவில்லை. வெளியே நின்று தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் சிரித்தான். பிறகு தட்டினான். ரெகார்டிங்குக்காக விசிறியையும் நிறுத்தியிருந்தோம். பயந்தால் அவனுக்கு மூச்சு இழுக்கும். அது எனக்குத் தெரியும். என் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் பேச்சு நின்று தட்டல் மட்டும் வந்தது.

கீழே தறி நின்றது. கலாவதி அம்மா பாதிப் படி ஏறி வந்தார்கள்.

“இன்னாப்பா அது, தட்டிக்கினே இருக்குது?”

“படத்துல வர்ற சீனும்மா. ஜெயா நடிச்சுக்கினு இருக்கான்.”

“அப்ப நான் தறி ஓட்டலப்பா. உங்களுக்கு டிஸ்டர்பா இருக்கும்.”

அவர்கள் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தட்டல் மெல்ல மெல்லக் குறைந்தது.

“நல்லா பண்றான்ல?” என்றார்கள்.

ஆமாம் என்றேன்.

சத்தம் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறந்தேன். வேண்டுமென்றேதான், மேடம். ஸ்டேட்மென்ட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் தலையை மடியில் வைத்திருந்ததும், வாயில் இன்ஹேலரை வைத்து அழுத்திக்கொண்டே வந்ததும் நான்தான். அவன் அம்மாவையே கேட்டுப் பாருங்கள். அவனை என்னைவிடப் பத்திரமாக வேறு யார் பார்த்திருப்பார்கள்?