பாயில் உட்கார்ந்த சரித்திர உபாத்தியாயர்

அக்கிராசனாதிபதி அவர்களே, ஆலய மூப்பர்களே, ரங்கூன்வாழ் தமிழ் மகாஜனங்களே!

நம் மிஷன் ஹைஸ்கூலின் சரித்திர உபாத்தியாயர் திரு. யேசுவடியான் அவர்களை வெள்ளிக்கிழமை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறோம். அவருக்கு அடுத்த அறையில் பதினாலு வருஷம் தமிழ் நடத்தியவன் நான். அவர் குரல் சுவரைத் தாண்டி வந்து என் இலக்கண வகுப்பை விழுங்கிவிடும். எத்தனை நாள் சண்டைக்குப் போயிருக்கிறேன்!

அமெரிக்க சரித்திரத்தை அவர் வேதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துத்தான் நடத்துவார். அடிமைகளை ஏலம் போட்ட கட்டத்துக்கு வந்தால் வேதத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அந்த எஜமானர்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்தான், அடிமையை மேல்மாடத்தில் ஒதுக்கி உட்காரவைத்துவிட்டு ஒரே தேவனைத் தொழுதவர்கள்தான் என்பார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

போன வருஷம் அந்தப் பாடம் நடக்கையில், துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் அய்யாசாமியின் மகன் எழுந்து நின்றான்.

"ஐயா, நம்ம கோயில்ல நீங்க பெஞ்சில உட்காருறீங்க, எங்கப்பா கடைசியில பாயில உட்காருறாரு. அது மட்டும் என்னங்கய்யா?"

அவர் புத்தகத்தை மூடினார். மணி அடிக்குமுன் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "பதினாலு வருஷமா வாசிச்சேன் ஓய், ஒருநாளும் என் காதில விழலையே!"

பையனுக்கு வாய்த்துடுக்கு, விட்டுத்தள்ளும் என்றேன். தமிழ்ப் பண்டிதன் சொன்ன புத்தி அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர் தம் பெஞ்சைக் கடந்து நடந்தார். கடைசிவரை போய், பாயில் அய்யாசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? சாதி கெட்டது என்று உறவினர் வாசல் மிதிப்பதை நிறுத்தினார்கள். மூத்த மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றது. அந்தப் பாடத்தையே எடுக்கக்கூடாது என்று பள்ளிக்கு மனுப் போயிற்று. மனுஷன் பாடத்தையும் விடவில்லை, பாயையும் விடவில்லை. மூன்றாம் வாரம் அவர் மனைவி சொர்ணம்மாளும் பெண்கள் பக்கத்துப் பாய்க்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்க உறவில் ஒரு தோள் வரவில்லை. துறைமுகத்து ஆட்கள் தூக்கினார்கள். நான் என்ன செய்தேன்? குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா.

திங்கட்கிழமை முதல் சரித்திர வகுப்பை நீரே பாரும், அந்த ஒரு பாடத்தை மட்டும் தாண்டிப் போய்விடும் என்று மூப்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். சபை முன்னிலையில் பதில் சொல்லுகிறேன். வகுப்பை எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பாடத்தையும் நடத்துவேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்த மட்டும் எனக்கு நா எழாது.

யேசுவடியானுக்கு இரங்கல் சொல்லக் கூடியிருக்கிறோம். இந்த மண்டபத்திலும் முன்னால் நாற்காலி, பின்னால் பாய்! போட்டவர் யார் என்று கேட்கமாட்டேன். போடும்போது நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மேடையில் எனக்கென்று போட்ட நாற்காலி காலியாகவே இருக்கட்டும். நான் இறங்குகிறேன்.

அய்யாசாமி அண்ணே, கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்க.