கனடாவுக்கு ஒரு கட்டில்

சோத்தோட சேர்த்துத் தன்ர மூஞ்சையையும் கோப்பையில போட்டுத் தாறவளாம். என்னைத்தான். என்ர அம்மா சொன்னது. நீங்கள் கேட்டனீங்கள்தானே தம்பி, ஆச்சி கனடாவில சுகமா இருக்கிறாவோ எண்டு. சுகம். நல்ல சுகம். கதையைக் கேக்கத் தெரியேல்லையே?

இல்லை, எனக்கு நேர சொல்லேல்ல. அவவுக்குப் போனைக் கவிட்டு வைச்சாக் கட் ஆகியிட்டுது எண்டு நினைப்பு. இங்க இருக்கேக்கயும் அப்பிடித்தான். அந்தச் சிவப்பை அமத்துங்கோ அம்மா எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். போன கிழமை வீடியோவில கதைச்சு முடிச்சு, சரி பிள்ளை வைக்கிறன் எண்டு கவிட்டு வைச்சிட்டா. நான் மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். கை முழுக்கச் செதிள், என்னாலயும் அமத்த ஏலேல்ல. அங்க ஆரோ அவவைப் பாக்க வந்திருக்கினம். திருகோணமலையில மூத்தவள் வடிவாப் பார்த்தவளோ எண்டு கேக்கினம். அதுக்குத்தான் அந்த மறுமொழி. எல்லாரும் சிரிச்சவை. பலமாச் சிரிச்சது என்ர தங்கச்சி அனிற்றா. ஆயிரம் பேர் சிரிச்சாலும் அவளின்ர சிரிப்பு எனக்குத் தெரியும்.

சரி, அளவுங்கோ. அளவு நாடாவைப் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தை ஏன் பாக்கிறியள்?

நில்லுங்கோ, உதில இருந்து இல்லை. இந்த முடிச்சை இழுத்தா இன்னும் ரெண்டு அங்குலம் குறையும். கப்பலில அனுப்ப நீங்கள் நிறை பாக்கிறேல்ல, பருமனைத்தான் பாக்கிறனீங்கள் எண்டு இப்ப எனக்கு விளங்கும். திங்கக்கிழமை அம்மாவின்ர கட்டிலை முழுசாக் கொண்டு வரேக்க விளங்கேல்ல. பஞ்சுத் தலையணைக்கும் அம்மிக்கல்லுக்கும் ஒரே காசெண்டு சொல்லித் திருப்பி அனுப்பினனீங்கள்தானே? அதுதான் வீட்ட கொண்டு போய்க் கட்டிலைக் கழட்டினனான். கால் நாலும் தனிய. சட்டத்துக்கு நடுவில சும்மா கிடந்த இடத்துக்குள்ள அவவின்ர உடுப்பெல்லாம் அடுக்கியிருக்கு. தலையணைக்கு மேல முழங்காலை வைச்சு ஏறி இருந்து காத்தெல்லாம் எடுத்திட்டன். இதுக்கு மேல குறைக்கிறதெண்டா வாளாலதான் அரியவேணும்.

ஓம், எல்லா இடமும் கேட்டிட்டுத்தான் வந்தனான். தபால் கந்தோரில இந்தப் பருமனில எடுக்க ஏலாதாம். பிளேனில அனுப்புற இடத்தில ஒரு பிள்ளை இனிப்பாச் சிரிச்சுக்கொண்டு கணக்குச் சொன்னது. அந்தக் காசுக்கு நானே கட்டிலில படுத்தபடி கனடாவில போய் இறங்கலாம். சாம்பல்தீவில பாக்கியரத்தினம் மாஸ்டர் கனடாவில மகனிட்டப் போறார் எண்டு கேள்விப்பட்டு அங்கயும் ஓடினனான். மனுசன் தலையணையை மட்டும் எண்டாக் கொண்டு போறன் எண்டார். உள்ளுக்கிருந்து மனுசி ஒருக்காக் கூப்பிட்டா. போயிட்டு வந்து தலையணையும் ஏலாதெண்டார். இவ்வளவு பெரிய துறைமுகம் வாசலில கிடக்கு, கப்பல் நிக்கிறது எங்கட குசினி யன்னலால தெரியும். ஆனா இந்தக் கட்டில் லொறியில கொழும்புக்குப் போய்த்தான் கப்பல் ஏறவேணும். நல்ல ஊர்.

என்ன? கனடாவில கட்டில் இல்லையோ? ஏன் அனுப்புறன் எண்டு எழுத உந்தப் போமில இடமிருக்கோ? இல்லைத்தானே. பிறகென்ன.

சரி, கோவிக்காதேங்கோ. எல்லாத்தையும் திறந்து பார்த்துத்தான் எழுதவேணுமோ? அப்ப அவிழுங்கோ. ரெண்டு மணித்தியாலம் இருந்து கட்டினது, நீங்கள் ரெண்டு நிமிசத்தில அவிழுங்கோ.

வேப்பமரக் கட்டில், ஒண்டு. வீட்டுச் சட்டை எட்டு. சீலையை நீங்களே எண்ணுங்கோ, எனக்கு அதைத் தொட விருப்பமில்லை. துவாய்க்குள்ள சுத்தியிருக்கிறது மாதா சுருவம், கவனம். விரல் ஒண்டு முதலே உடைஞ்சது, பிறகு நீங்கள் உடைச்சது எண்டு வரக்கூடாது. அது அவ சாப்பிடுற கோப்பை. மூக்குக்கண்ணாடி. செருப்பு. ஓம் தம்பி, செருப்பும்தான். தேஞ்ச செருப்பு எண்டு ஏன் எழுதுறியள்? சும்மா செருப்பு எண்டு எழுதுங்கோ. அவவின்ர ஒண்டும் வீட்டில மிஞ்சக் கூடாது எண்டு பார்த்துப் பார்த்துப் பொறுக்கினனான்.

உங்கட மனசில ஓடுறது எனக்கு விளங்குது. ஆச்சி சொன்னது உண்மையா இருக்குமோ எண்டு யோசிக்கிறியள். உண்மைதான். பதினொரு வருசம். விடிய நாலு மணிக்கு எழும்பி அவவுக்குக் குரக்கன் புட்டு அவிச்சு, ஊசி போட்டு, கால் புண்ணைக் கழுவிக் கட்டிப்போட்டு, எட்டரைக்கு முன்னம் கச்சேரிக் கந்தோரில வேலைக்கு நிக்கவேணும். பின்னேரம் வந்து பார்த்தா, அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில சீனி டப்பா. அதைப் பறிக்கிற நேரத்தில சிரிக்க நான் என்ன புடவைக்கடைப் பொம்மையோ? என்ர முகம் இதுதான். அனிற்றா சிரிப்பாள். பதினொரு வருசத்தில ரெண்டு தரம் வந்தவள். சொக்கிலேற்றோட வந்து, அதையும் அவவுக்குக் குடுத்து, கட்டிப் பிடிச்சுப் படமெடுத்துக்கொண்டு போனவள். அவள் போனாப் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினது நான். வாட்டில வைச்சும் அந்த நேர்ஸ்மாரிட்ட, சின்னவள்தான் என்னில உயிர் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவ. பக்கத்தில கஞ்சியோட நான் நிக்கிறன். கேட்டும் கேக்காத மாதிரி ஆத்திக்கொண்டு நிண்டனான்.

விடுங்கோ. எழுதுங்கோ. அனுப்புற ஆள் ஜெயரூபி. பெறுற ஆள் எண்டு அம்மாவின்ர பேரை, ஞானமலர் எண்டு போடாதேங்கோ, அனிற்றா எண்டு போடுங்கோ. விலாசம் இந்தத் துண்டில இருக்கு. ஸ்காபரோ.

என்னது? பெறுற ஆள் அங்க காசு கட்டலாமோ? எனக்கு ஒரு சதமும் இல்லையோ? அப்ராஸ் தம்பி, உங்களுக்கு வாய் இல்லையோ? மூண்டு நாளா மலிவான வழி தேடி ஊரெல்லாம் நாய் மாதிரி அலைஞ்சனான், நீங்கள் இப்ப நாடாவையும் சுருட்டிப்போட்டுச் சொல்லுறியள்! அங்கதான் கட்டவேணும் எண்டு போடுங்கோ. வடிவாப் போடுங்கோ, பெரிய எழுத்தில.

ரெண்டு மாதமோ போய்ச் சேர? சேரட்டும். அவசரமில்லை. லொறிதான் நாளைக்கு எப்பிடியும் வெளிக்கிட வேணும். வெள்ளிக்கிழமை எண்டு சொன்னனீங்கள் எண்டாப் எல்லாத்தையும் திருப்பித் தூக்கிக்கொண்டு போயிடுவன். நாளைக்குத்தானே? சரி.

எதில படுப்பாவோ? ஆர், ஆச்சியோ? திரும்பி வந்தாலோ?

திரும்பி வராமல் என்ன, ஆறு மாத விசாதானே. வெள்ளிக்கிழமை விடியக் கட்டுநாயக்காவில பிளேனால வந்து இறங்கிறா. என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்ல. டிக்கற்றையும் போட்டிட்டு, அனிற்றா நேற்றுப் போன் எடுத்து, அவவைக் கூட்டிவர வான் பிடிச்சுக்கொண்டு போகச் சொன்னவள். நான் பிடிக்கேல்ல.

ஏன் தம்பி பேனையை வைச்சிட்டியள்? இங்க தாங்கோ. கையெழுத்து இதிலயோ? கீழயுமோ?

ம். வைச்சிட்டன்.